அப்பாவுக்கு பி.பி. இருக்கு

எங்கள் வீட்டில் நோய் என்றால் அது அப்பாவுடையது. மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் சளி, தலைவலி, சோம்பேறித்தனம், பரீட்சை பயம். அப்பாவுக்கு வந்தது மட்டும் பி.பி. அந்த இரண்டு எழுத்துக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை சாமி படத்துக்குக்கூட இருந்ததில்லை.

அப்பா காஞ்சன்பாக்கில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் ஒரு அரசுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார். திருநெல்வேலிக்காரர். இந்தத் தெலுங்கு ஊருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். நானும் தம்பியும் அங்கேதான் வளர்ந்தோம். நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போன புதிதில் ஒருநாள், வேலை நேரத்தில் அப்பாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. ஆலை மருத்துவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள், நடங்கள், டென்ஷன் ஆகாதீர்கள் என்று சொல்லி ஒரு மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். யாருக்கும் சொல்வதுதான்.

அன்று சாயங்காலம் அப்பா எங்களை ஹாலில் வரிசையாக நிற்க வைத்தார். "டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு டென்ஷன் வரக்கூடாது. அது இனிமே உங்க பொறுப்பு" என்றார்.

இந்த வாக்கியத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். மருத்துவர் அறிவுரை சொன்னது அப்பாவுக்கு. ஆலையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் அது எங்களுக்கு இட்ட உத்தரவாகிவிட்டது. அவர் டென்ஷன் ஆகக்கூடாது என்பது போய், நாங்கள் அவரை டென்ஷன் ஆக்கக்கூடாது என்று ஆனது. தன் நோயை இவ்வளவு சுத்தமாக அடுத்தவர் தலையில் கட்டிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதன் பிறகு வீடு மாறியது. அப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. அம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று, ஆவி சீறத் தொடங்கும்போதே கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிவிடுவாள். பருப்பு வேகும்வரை அப்படியே நிற்பாள். எங்கள் சிநேகிதர்கள் வீட்டுக்கு வருவது நின்றது. தம்பி சின்னப்பையன், தெருவில் தெலுங்கும் உருதும் கலந்து கத்தி விளையாடிவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றி வைத்துவிட்டு வருவான். இன்றும் அவனுக்கு வீட்டுக்குள் குரல் எழும்பாது. அவன் மனைவி அதைச் சாதுவான சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா தன் வாழ்நாளில் அதிகம் பேசிய வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். "அப்பாகிட்ட சொல்லிறாதீங்க, பி.பி. ஏறிரும்."

கெட்ட செய்தி எதுவும் அம்மாவைத் தாண்டி அப்பாவிடம் போகக்கூடாது. தம்பி கணக்கில் தோற்றது போகவில்லை. அவன் கல்லூரிக் காலத்தில் மழைச் சாலையில் பைக்கோடு விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது போகவில்லை. கட்டு அவிழ்க்கும்வரை அவன் நண்பன் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்று அம்மா சொல்லிவைத்தாள். என் விவாகரத்தும் போகவில்லை. என் கணவருக்குப் புனேக்கு மாற்றல் என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினாள். அப்பா எப்போதாவது, "மாப்பிள்ளை வரவே இல்லையே?" என்பார். "லீவு கிடைக்கலையாம்" என்பாள் அம்மா. அந்தப் பதிலை அவர் ஏற்றுக்கொள்வார். மேலே கேட்டால் ஏதாவது தெரிந்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஊரில் மாரடைப்பில் போனபோது நடந்ததைச் சொன்னால் வெளியாட்கள் நம்புவதில்லை. காலையில் போன் வந்தது. அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா போனை வைத்துவிட்டு வந்து இன்னொரு இட்லி வைத்தாள். அவர் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஆபீஸ் போகும்வரை முகத்தில் ஒன்றுமில்லை. சாயங்காலம், "தம்பிக்கு உடம்பு சரியில்லையாம்" என்றாள். மறுநாள், "கொஞ்சம் சீரியசா இருக்காம்" என்றாள். இறந்துபோன தம்பியை இரண்டு நாள் உயிரோடு வைத்திருந்து, மெதுவாக, அப்பாவின் ரத்தக்குழாய்க்கு நோகாமல் சாகடித்தாள். அதற்குள் அங்கே எரித்து முடித்திருந்தார்கள். அப்பா முழுச் செய்தியையும் கேட்டுவிட்டு, "முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?" என்று கோபித்துக்கொண்டார். அம்மா பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தாள்.

அப்பா ஓய்வுபெற்று அல்வாலில் சொந்த வீட்டுக்குக் குடிவந்ததும், தம்பி பேட்டரியில் ஓடும் பி.பி. மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். அதுவரை மாதத்துக்கு ஒருமுறை நடந்த பி.பி. சோதனை தினமும் காலையில் நடக்க ஆரம்பித்தது.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு உதிரிபாகம் அளவு தப்பி வந்தால் அதைத் தூக்கிப் போட்டால் மட்டும் போதாது. ஏன் தப்பியது, யாரால் தப்பியது என்று காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். காரணம் கிடைக்காமல் விஷயம் முடியாது. அப்பா அந்த வேலையைப் பல வருடம் செய்தவர், அதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். ஆலையை விட்டு வந்த பிறகு அவருக்குத் தரம் பார்க்க மிச்சமிருந்தது அவருடைய ரத்தம் மட்டும்தான். அம்மா பட்டையைக் கட்டி பட்டனை அழுத்துவாள். அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். எண் நேற்றைவிடக் கூடியிருந்தால் விசாரணை.

"நேத்தைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலியே."

"ஒண்ணும் நடக்காமலா இவ்வளவு காட்டுது? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அம்மா யோசிப்பாள். சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடியிருக்கலாம். பக்கத்து வீட்டில் துளை போட்ட சத்தமாக இருக்கலாம், அதற்கும் ஜன்னலைச் சாத்தாதது அவள் தப்பு. ராத்திரி அவள் இருமியதில் அவர் தூக்கம் கெட்டிருக்கலாம். ஏதாவது ஒன்றை அவள் ஒத்துக்கொண்டதும் அப்பாவின் முகம் தெளியும். உடனே மறுபடி கட்டச் சொல்வார். எண் இறங்கியிருக்கும். காரணம் கிடைத்தால் இறங்கத்தான் செய்யும், அது மருந்தைவிட வேகமாக வேலை செய்தது.

மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று யாராவது படிக்க விரும்பினால் எங்கள் அப்பாவைப் பார்த்துப் படித்திருக்கலாம். விடியற்காலையில் நடை. பூங்காவில் சிரிப்பு மன்றம், அங்கே கையைத் தூக்கிச் சிரித்துவிட்டு வந்து வீட்டில் சிரிக்காமல் இருப்பார். பிறகு தோட்டத்தில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி, அப்போது யாரும் கூப்பிடக் கூடாது. மதியம் தூக்கம். சாயங்காலத்துக்கு மேல் செய்தி கேட்பதில்லை. மாத்திரை ஒருவேளைகூடத் தப்பாது. எண்பதை எட்டுகிறார், உடம்பு கருங்கல்.

நான் வேலை பார்க்கும் பேகம்பேட் ஆபீசில் ஒருமுறை இதே விஷயத்துக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வந்தவர் ஸ்லைடு போட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். நடங்கள், மூச்சைக் கவனியுங்கள், சிரியுங்கள், தூங்குங்கள், உங்கள் பாரத்தை யாரோடாவது பகிர்ந்துகொள்ளுங்கள். எல்லாமே அப்பா செய்வது. கடைசியில் சொன்னாரே, அதில்தான் அப்பா டாக்டர் பட்டமே வாங்கியிருந்தார். பகிர்ந்துகொள்வது என்ன, மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். இத்தனையும் ஒழுங்காகச் செய்ய வீட்டில் ஒரு மனைவி வேண்டும் என்று எந்த ஸ்லைடிலும் இல்லை.

அந்த ஆள் இன்னொன்றும் சொன்னார். உடம்பு ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று வருடக்கணக்கில் தயாராகவே நின்றால், அந்தத் தயார்நிலையே உடம்பைத் தின்னும். ரத்தக்குழாய் விறைக்கும், இதயம் தடிக்கும், சர்க்கரை ஏறும், வயிறு எரியும், தூக்கம் போகும். ஒவ்வொன்றும் தனித்தனி நோய் போலத் தெரியும், ஆளுக்கே தெரியாது என்றார். நான் தலையாட்டிக் கேட்டேன். கேட்டுவிட்டு லிஃப்ட் பிடித்து கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன்.

அம்மாவுக்குத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தது. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மட்டமாகிவிட்டன. பல் மருத்துவர் ஒருவர் பார்த்தார். வயிற்றெரிச்சலுக்கு மிட்டாய் மாதிரி மாத்திரை சப்பினாள். தோள் இறுகிப்போய் ஜாக்கெட் கொக்கியைப் பின்னால் மாட்ட முடியாமல், முன்கொக்கிக்கு மாற்றினாள். சர்க்கரை எட்டிப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கடையில் மருந்து வாங்கினோம். ஒருநாள் நான், "நீயும் ஒருதடவை முழுசா செக் பண்ணிக்கோம்மா, உனக்கும் டென்ஷன் இருக்கும்" என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கென்னட்டி டென்ஷன்? நான் என்ன ஆபீசுக்கா போறேன்?"

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நானும் தம்பியும் அல்வாலுக்குப் போயிருந்தோம். காலையில் மெஷின் அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியிருந்தது. விசாரணை முடியாமல் மதியம்வரை இழுத்துக்கொண்டிருந்தது. உப்பு குறைவு, சத்தமில்லை, நல்ல தூக்கம். அம்மா எவ்வளவு தேடியும் தன்னிடம் ஒரு குற்றம் கிடைக்கவில்லை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தபடியே, "முந்தாநாள் வத்தக்குழம்பு வச்சேன், அதுவோ?" என்றாள். "முந்தாநாள் வச்சது நேத்தைக்குல்லா காட்டியிருக்கணும்" என்று அப்பா அதைத் தள்ளுபடி செய்தார்.

கடைசியில் அவருக்கு மெஷின் மேலேயே சந்தேகம் வந்தது. ஆலையில் அளவுமானி மேல் சந்தேகம் வந்தால், அளவு சரியென்று ஏற்கெனவே தெரிந்த ஒரு நல்ல உருப்படியை அதில் வைத்துப் பார்ப்பார்களாம். அது சரியாகக் காட்டினால் மானி சரி, தப்பாகக் காட்டினால் மானி பழுது.

"நல்லா இருக்க ஆள் ஒருத்தர் கையில கட்டிப் பாக்கணும்" என்றார்.

எங்களைப் பார்த்தார். நான் ஆபீசில் மல்லுக்கட்டுகிறவள், அதற்குள் விவாகரத்து விஷயமும் அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் ஆக மாட்டேன். தம்பிக்குத் தொப்பை. "உங்கம்மாதான் சரி. அவளுக்கு ஒண்ணும் கிடையாது. ஏட்டி, இங்க வா."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடம் அடுத்தவர் கையில் கட்டிய பட்டையை அன்றுதான் தன் கையில் கட்டிக்கொண்டாள். எந்தக் கையை நீட்டுவது என்று கேட்டாள். மெஷின் உறுமி, காற்று இறங்கி, எண் வந்தது. இருநூறைத் தாண்டியிருந்தது. மறுபடி கட்டினோம். இன்னும் கொஞ்சம் கூடியது.

தம்பி சிரித்துவிட்டான். "ஹவ் டாடி, மெஷின் போயிந்தி." ஆமாம், மெஷின் கெட்டுப்போய்விட்டதாம்.

அப்பா தொடையில் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன்லா!" மெஷின் பழுது என்றால் காலையில் அவருக்குக் காட்டியதும் பொய். அவருக்கு ஒன்றுமில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு காபி கேட்டார். நானும் சிரித்தேன். எங்கள் எல்லோரையும்விட அம்மாதான் அதிகம் சிரித்தாள். காரணம் தேடும் வேலையிலிருந்து அன்றைக்கு அவளுக்கு விடுதலை. இருநூறைத் தாண்டிய ரத்தத்தோடு எழுந்துபோய் டிகாக்ஷன் இறக்கினாள்.

படித்த மூன்று பேர். ஒருவர் வாழ்நாள் முழுக்க அளவு பார்த்தே சம்பளம் வாங்கியவர். மெஷின் முதல்முறையாக ஒரு உண்மையைச் சொன்னது, அதை நாங்கள் பழுது என்று கட்டிப் பரணில் போட்டோம். இரண்டு நாளில் புது மெஷின் வந்தது. அப்பாவுக்குக் கட்டினார்கள், சரியாகக் காட்டியது, முடிந்தது விஷயம். அம்மா கையில் அதை ஒருமுறை கட்டிப் பார்ப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலையில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது கையில் பிடித்திருந்த தட்டு நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டி அடுப்பை அணைக்க மட்டும் முடிந்திருக்கிறது. கூப்பிடு தூரத்தில்தான் அப்பா இருந்தார், தோட்டத்தில், கண்ணை மூடிக்கொண்டு. பிற்பாடு நான் கேட்டேன், ஏம்மா கூப்பிடலை என்று. "அவுக மூச்சுப் பயிற்சி முடியட்டும்னு இருந்தேன்" என்றாள்.

அவர் நிதானமாக இழுத்து நிதானமாக விட்டு முடித்துவிட்டு காபிக்கு உள்ளே வந்தார். முதல் போன் எனக்கு. "ஏளா, உங்கம்மா காபி போடல. கீழ உக்காந்திருக்கா. வாய் ஒரு மாதிரி இருக்கு."

நான் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செகந்திராபாத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. இடது கை, இடது கால் போயிருந்தன. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருக்கலாம் என்றாள் டாக்டரம்மா. சின்ன வயதுப் பெண், தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசினாள்.

"பி.பி. எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டாள்.

அப்பா முன்னால் வந்து, முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறது, ஆனால் நல்ல கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறேன் என்றார். டாக்டர் குழம்பினாள். "உங்களுக்கில்ல சார். பேஷன்டுக்கு."

"அவளுக்கா? அவளுக்கு பி.பி.யே கிடையாது."

டாக்டர் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் கெட்டிருக்கின்றன. நேற்று வந்த பி.பி. இதைச் செய்யாது, பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்றாள். இன்னொருமுறை இப்படி அடைப்பு வந்தால் தாங்க மாட்டார்கள் என்றாள். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி உங்கள் வீட்டில் இருக்கிறது, இவர்களுக்கு எந்த டென்ஷனும் கொடுக்காதீர்கள் என்றாள். அப்பா தலையாட்டினார். அந்த வாக்கியம் அவருக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியம். பிறகு, இந்த அதிர்ச்சியில் தனக்கும் ஏறியிருக்கும், ஒருதடவை பார்த்துவிடுங்கள் என்று சட்டைக்கையை மடித்து நீட்டினார். நர்ஸ் பார்த்தாள். சீராக இருந்தது. அந்த நிமிடம் நான் அவரை வெறுத்தேன். வருத்தம், கோபம் என்றெல்லாம் பூசி மெழுக விரும்பவில்லை, வெறுத்தேன்.

அம்மாவுக்கு நாக்கு கொஞ்சம் குழறியது, ஆனால் பேச்சு போகவில்லை. வேறொன்று போயிருந்தது. அவளுக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. பார்வை போகவில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்காது, மூளையின் வலதுபக்கம் அடிபட்டால் இப்படி ஆவதுண்டு என்றாள் டாக்டர். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, போதும், தட்டு காலி என்பாள். இடது பாதி அப்படியே இருக்கும். தலைவாரினால் வலது பக்கம் மட்டும். இடது பக்கத்திலிருந்து யாராவது பேசினால் வலது பக்கம் திரும்பித் தேடுவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவளை என் பேகம்பேட் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அப்பாவை அல்வாலில் விட்டு, ஒரு சமையல்காரம்மாவை அமர்த்தினேன். தினமும் ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். வருகிறவர்களெல்லாம் அம்மாவின் இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், அப்போதுதான் மெல்ல அந்தப் பக்கம் திரும்பப் பழகுவார்கள் என்றாள். அதனால் கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு சேர் போட்டோம். அப்பா சாயங்காலம் வண்டி பிடித்து வந்து அதில் உட்காருவார்.

உட்கார்ந்து குறை சொல்வார். சமையல்காரி உப்பை அள்ளிப் போடுகிறாள். கதவை அறைந்து சாத்துகிறாள். பி.பி. ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. அம்மா வலது பக்கத்து ஜன்னலில் மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "காதுல விழுதா?" என்பார். அவள் திரும்ப மாட்டாள். ஆரம்ப நாளில் ஒருமுறை நான், "அப்பா வந்திருக்காகம்மா" என்றேன். அவள் வலது பக்கமெல்லாம் பார்த்துவிட்டு, "எங்க? ஒருத்தரையும் காணுமே" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் சின்ன வயதிலிருந்து பார்த்ததில்லை. மூளையில் ஒரு பகுதி செத்துத்தான் அவளுக்கு அது கிடைக்க வேண்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமில்லை.

பிசியோ பெண் விடாமல் உழைத்தாள். தட்டின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டி, அந்தச் சிவப்பு தெரியும்வரை கண்ணைக் கொண்டுபோகச் சொன்னாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்து கதை பேசினேன். மெல்ல மெல்ல அம்மா திரும்பத் தொடங்கினாள். ஒரு காலையில் தட்டின் இடது ஓரத்தில் வைத்திருந்த சட்னியை நான் சொல்லாமலே தொட்டுச் சாப்பிட்டாள். பிசியோ பெண் கைதட்டினாள். இடதுபக்கத் தலையையும் தானே வாரிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம்தான் அப்பா முடிவோடு வந்தார். தம்பியும் கூட வந்திருந்தான்.

"நாளைக்கு வண்டிக்குச் சொல்லியிருக்கேன். போதும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். தனியா இருந்து இருந்து எனக்கு டென்ஷனா இருக்கு. அவ இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். "டாடி ஒக்கரே உன்னாரு கதா, அக்கா" என்றான். அப்பா தனியாக இருக்கிறாராம். தோள் எலும்பு முறிந்து நண்பன் வீட்டில் ஒளிந்து கிடந்தவன் சொல்கிறான்.

அல்வாலுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் காலையிலேயே பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். என்ன நடந்துச்சு, யோசிச்சுச் சொல்லு என்பார். அம்மா ஒற்றைக் கையோடு யோசிப்பாள். எவ்வளவு நாள் தாங்குவாள்? டாக்டர் சொன்ன அந்த இன்னொரு அடைப்பு அந்த வீட்டில்தான் காத்திருந்தது.

"அவகிட்டயே கேக்கேன்" என்று அப்பா சேரில் உட்கார்ந்தார். "ஏட்டி, நாளைக்கு நம்ம வீட்டுக்குப் போவோமா?"

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான். வாரியா?"

அம்மா அசையவில்லை. அப்பா கட்டில்மேல் சாய்ந்து அவள் இடது கையைத் தொட்டார். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது. அவர் நிமிர்ந்து என்னிடம் கேட்டார்.

"இன்னுமா அந்தப் பக்கம் தெரியல அவளுக்கு?"

காலையில் அவள் சட்னி தொட்டுக்கொண்டது கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"இல்லப்பா. தெரியல. இன்னும் ரொம்ப நாளாகும்னு சொல்லுதாக" என்றேன். பொய் சொல்வது எங்கள் வீட்டில் பெண்களுக்குக் கைவந்த வேலை. அதை அம்மாவுக்காக ஒருத்தி செய்தது அதுதான் முதல்தடவை. "கூட்டிட்டுப் போங்க, நான் வேண்டாங்கல. ஆனா குளிப்பாட்டணும், ஊட்டணும், பெட்பேன் வைக்கணும். ராத்திரியில எழுந்து திருப்பிப் படுக்க வைக்கணும். சமையக்காரி செய்ய மாட்டா. நீங்கதான் செய்யணும். உங்க பி.பி.க்கு அது ஒத்துக்குமா?"

அப்பா யோசித்தார். பின்னங்கழுத்தை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார். மனைவி வேண்டும் என்பதும் பி.பி. ஏறக்கூடாது என்பதும் அவருக்குள் மோதியது வெளியே தெரிந்தது, ஆனால் அதிக நேரம் மோதவில்லை.

"அதுவும் சரிதான்" என்று எழுந்தார். "இங்கனயே இருக்கட்டும். எனக்கும் வயசாகுதுல்லா." தம்பி வண்டிக்காரனுக்கு போன் போட்டு நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னபடியே அவர் பின்னால் போனான். லிஃப்ட் கதவு மூடிய சத்தம் கேட்டது.

நான் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே வந்தேன். அம்மா இன்னும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போயாச்சா?" என்றாள்.

"போயாச்சும்மா."

அவள் மெதுவாக, கழுத்தை இழுத்து இழுத்து, இடது பக்கம் முழுவதும் திரும்பினாள். காலியாகக் கிடந்த சேரை நன்றாகப் பார்த்தாள்.

"அதை எடுத்து வெளிய போடுட்டி" என்றாள்.

எடுத்து வெளியே போட்டேன்.